புக்கிட் தீமாவில் நடக்கக் கிளப் அட்டை வேண்டாம், குடை வேண்டும்

நீங்கள் கேட்டது இதுதான். கோவையிலிருந்து வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு சிங்கப்பூர் வருகிறீர்கள். நிறுவனம் புக்கிட் தீமாவில், சிக்ஸ்த் அவென்யூ எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில், வீடு கொடுக்கிறது. 'அது பெரிய பணக்காரர்கள் ஏரியாவாமே, வெளியே நடக்கவும் குழந்தையைக் கூட்டிப் போகவும் அங்கே என்ன இருக்கிறது? எல்லாம் கிளப் உறுப்பினர்களுக்குத்தானா?' என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே, மகளுக்கு 6 வயது என்றும், தினமும் காலையில் ரேஸ்கோர்ஸைச் சுற்றி வந்து பழகிய அம்மாவுக்கு 66 வயது, இப்போது முட்டிவலி என்றும் போகிறபோக்கில் ஒரு வரி. எனக்கென்னவோ உங்கள் கேள்வி அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்று படுகிறது. அம்மா மேல்மாடி வீட்டில் அடைபட்டுப் போவாரோ என்பதுதானே கவலை?

அடைபட மாட்டார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இந்த வட்டாரத்தில் குடியிருப்பவன் இல்லை, புக்கிட் பாஞ்சாங்கில் வீவக வீடு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடு. ஆனால் இருபது வருடத்துக்கு மேலாக இங்குள்ள காட்டுப் பாதைகளில் நடக்கிறேன். அதில் பாதிக் காலம் வார இறுதிகளில் மற்றவர்களை அழைத்துப் போகும் தன்னார்வ வழிகாட்டியாகவும் இருந்திருக்கிறேன். செடி கொடி, குரங்கு, மழை பற்றி நான் சொல்வதை நம்பலாம். முட்டி பற்றிச் சொல்வதை ஒரு எல்லைக்கு மேல் நம்ப வேண்டாம், நான் மருத்துவன் இல்லை.

புக்கிட் தீமாவில் பணம் இருப்பது உண்மைதான். குறைந்தது 1,400 சதுர மீட்டர் நிலத்தில்தான் கட்டலாம் என்று சட்டம் போட்டுக் காக்கப்படும் பங்களா வட்டாரங்களில் பல இங்கேதான் இருக்கின்றன. உறுப்பினர் அட்டை கேட்கும் கிளப்புகளும் உண்டு. ஆனால் பங்களா மதில்களுக்கு உள்ளே இருப்பதைவிடப் பெரிய பச்சை மதில்களுக்கு வெளியே இருக்கிறது, அதில் ஏறத்தாழ எல்லாமே இலவசம். இங்குள்ள புக்கிட் தீமா மலையின் காடு 1880களிலேயே ஒதுக்குக்காடாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் தீவின் பெரும்பகுதி கேம்பியர் என்ற பயிருக்காகவும் மிளகுத் தோட்டங்களுக்காகவும் மொட்டையாகிவிட்டிருந்தது, இந்த மலை தப்பியது. அதற்குக் கிழக்கே இருக்கும் பெருங்காடு, நீர்த்தேக்கங்களுக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும் என்பதற்காக விடப்பட்டது. இந்தப் பக்கம் ஓடிய பழைய ரயில் பாதையோ 2011 வரை மலேசிய ரயில்வேயின் கையில் இருந்ததால் அங்கே யாரும் கட்டடம் எழுப்ப முடியவில்லை. இவற்றில் ஒன்றுகூடப் பணக்காரர்களுக்காக விட்டு வைத்தது கிடையாது. பெயரைப் பற்றி ஒரு சின்னச் சந்தேகம் மட்டும் தீரவில்லை. மலாயில் புக்கிட் என்றால் மலை, தீமா என்றால் வெள்ளீயம். இந்த மலையில் ஈயச் சுரங்கம் இருந்ததே இல்லை. 'தெமாக்' என்ற மரத்தின் பெயர் திரிந்து தீமா ஆனது என்று ஒரு கருத்து உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்குச் சான்று வலுவாக இல்லை.

உங்கள் வீடு இருக்கும் இடம் யோகமானது. சிக்ஸ்த் அவென்யூவிலிருந்து நகரப் பக்கம் இரண்டு நிறுத்தம் போனால் பூமலை என்கிற பொட்டானிக் கார்டன்ஸ். எதிர்ப்பக்கம் ஒரு நிறுத்தம் போனால் கிங் ஆல்பர்ட் பார்க், அங்கே பழைய ரயில் பாதை. இன்னொரு நிறுத்தம் போனால் பியூட்டி வேர்ல்ட், அங்கிருந்து மலை. 2015 டிசம்பரில் இந்த எம்ஆர்டி தடம் திறக்கும்வரை எல்லாவற்றுக்கும் புக்கிட் தீமா சாலை நெரிசலில் பேருந்துதான். நீங்கள் நல்ல காலத்தில் வருகிறீர்கள்.

இடங்களுக்குப் போவதற்கு முன் நேரத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். கோவையிலிருந்து வருபவர்கள் தடுமாறுவது அங்கேதான். இங்கே வருடம் முழுக்கச் சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்கு உதித்து ஏழு மணிக்கு மறைகிறது. அம்மா பழக்கப்படி ஐந்தரைக்கு எழுந்து கிளம்பினால் வெளியே நடுராத்திரி மாதிரி இருக்கும். ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை ஒரு நல்ல நேரம், மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை இன்னொன்று. நடுப்பகலை நிழல் இல்லாத இடத்தில் கழிக்க வேண்டாம். வெப்பமானி 32 டிகிரி காட்டும், கோவையில் பார்க்காத வெயிலா என்று தோன்றும். கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறது, வியர்வை காய்ந்துவிடும். இங்கே காற்றில் ஈரம் நிரம்பியிருப்பதால் வியர்வை காயாது, உடம்பு குளிராது. அதனால் அங்கே ஐந்து கிலோமீட்டர் நடந்தவர் இங்கே மூன்றாவதிலேயே தளர்ந்து போவார். முதல் மாதம் பாதி தூரம் போதும்.

அப்புறம் மழை. ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் இடி இடிக்கும் ஊர் இது. பிற்பகல் மழை பெரும்பாலும் இருட்டிக்கொண்டு, சொல்லிவிட்டு வரும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராப் பக்கமிருந்து விடியற்காலையிலோ காலையிலோ வருகிற சூறைக்காற்று மழைதான் ஏமாற்றும், அரை மணி நேரத்தில் வானம் மாறிவிடும். சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் மழை மேகம் எங்கே நகர்கிறது என்று படமாகவே பார்க்கலாம். நான் செருப்பு மாட்டுவதற்கு முன் அதைத்தான் பார்ப்பேன். இடி கேட்டால் குடையை விரித்துக்கொண்டு மரத்தடியில் நிற்பது மிகத் தவறு. கூரையுள்ள கட்டடத்துக்குப் போய்விடுங்கள். மழை நின்ற உடனேயும் பெரிய மரங்களுக்கு அடியில் உட்கார வேண்டாம், நனைந்த கிளைகள் கனம் தாங்காமல் முறியும். மழையே இல்லாமலும் நடந்ததுண்டு. 2017 பிப்ரவரியில் பூமலையில் 40 மீட்டர் உயரமுள்ள, 270 வயதைத் தாண்டிய தெம்புசு மரம் ஒன்று சாய்ந்து ஒரு பெண் இறந்துபோனார். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, அங்கே மரங்களை நன்றாகத்தான் பரிசோதிக்கிறார்கள். ஆனாலும் மரம் மரம்தான்.

இனி பூமலை. இங்கே பொட்டானிக் கார்டன்ஸுக்குத் தமிழர்கள் வைத்த பெயர் அது. 1859இல் தொடங்கிய தோட்டம், 82 ஹெக்டேர், 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. காலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவு 12க்குத்தான் மூடுகிறார்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உங்கள் பக்கத்தில் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எம்ஆர்டியிலிருந்து வெளியே வந்தால் புக்கிட் தீமா வாசல், நுழைந்ததும் ஒரு ஏரி. சுற்றிச் சமதளமான பாதை, வழியெல்லாம் பெஞ்சு, கழிப்பறையும் பக்கத்திலேயே. கரையில் உடும்பு ஊர்ந்து போகும், பயப்பட வேண்டாம், நம்மைப் பார்த்தால் அதுவே தண்ணீருக்குள் இறங்கிவிடும். முதல் சில வாரம் அம்மா அந்த ஏரிக்கரையோடு நிறுத்திக்கொள்ளட்டும். தெற்கே தாங்ளின் வாசல் வரை போனால் தூரமும் ஏற்ற இறக்கமும் கூடிக்கொண்டே போகும், திரும்பி வரும் தூரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மகளுக்கும் அதே பக்கத்திலேயே இடம் இருக்கிறது. ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம், இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. குழந்தையோடு வந்தால்தான் பெரியவர்களை உள்ளே விடுவார்கள் என்பது அங்குள்ள விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி, என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் நான் இப்போது உள்ளே போக முடியாது என்றாலும். தண்ணீரில் விளையாட இடம் உண்டு, மாற்றுடை எடுத்துக்கொள்ளுங்கள். மறந்தால் ஈரத்தோடு எம்ஆர்டி குளிரில் நடுங்கிக்கொண்டு வீடு திரும்புவீர்கள். சில வார இறுதி மாலைகளில் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் சிம்ஃபனி ஏரி மேடையில் இலவச இசை நிகழ்ச்சி நடக்கும். புல்தரையில் பாய் விரித்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பூமலைக்கு அம்மாவைக் கூட்டிப் போகும்போது ஒரு கதையையும் சொல்லுங்கள். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888 முதல் 1912 வரை பூமலையின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் செய்து பார்த்து நிலைநாட்டினார். காப்பித் தோட்டக்காரர்களைப் பிடித்து ரப்பர் நடுங்கள், ரப்பர் நடுங்கள் என்று நச்சரித்ததில் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. கடைசியில் அவர் சொன்னதுதான் நடந்தது. மலாயா முழுக்க ரப்பர் ஆனது, அந்த மரங்களைச் சீவிப் பால் எடுக்கத்தான் தஞ்சாவூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் ஆட்களைக் கப்பலில் ஏற்றினார்கள். நம் குடும்பங்களில் 'மலேயாக்காரர்' என்று ஒரு தாத்தா இருந்தால், அவருடைய கதை தொடங்கிய இடங்களில் இந்தத் தோட்டமும் ஒன்று. வழிகாட்டியாக நான் இதைச் சொல்லும்போது மற்றவர்கள் தலையாட்டிக் கேட்பார்கள், தமிழ்க் குடும்பங்கள் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கும். தாங்ளின் பக்கப் புல்வெளியில் தாழ்ந்த கிளையோடு ஒரு பழைய தெம்புசு மரம் நிற்கிறது. ஐந்து வெள்ளி நோட்டின் பின்புறத்தில் இருப்பது அதுதான். நோட்டையும் மரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் மகளுக்குப் பிடிக்கும்.

அடுத்தது ரயில் காரிடார். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடிய மலாயா ரயில் தடம், 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தான் தானே ஓட்டிக்கொண்டு போனார். அதன்பின் தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டு நடைபாதை ஆக்கினார்கள். கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், 1932இல் கட்டிய சின்ன புக்கிட் தீமா ரயில் நிலையம் செங்கல் சுவரோடு அப்படியே நிற்கிறது. பக்கத்தில் சாலைக்கு மேலே கருப்பு இரும்புப் பாலம். அங்கிருந்து ஹில்வியூ வரை சுமார் 4 கிலோமீட்டர் நடக்கலாம். ரயில் ஏற்றம் ஏறாது என்பதால் பாதை கிட்டத்தட்டச் சமதளம், முட்டிக்கு நல்லது. ஆனால் சில இடங்களில் நிழல் குறைவு, மழைக்குப் பிறகு ஓரங்களில் சேறு, சைக்கிள்காரர்கள் பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்துவிடுவார்கள். அம்மா இடது ஓரமாகவே நடக்கட்டும். நடுவில் உட்கார இடம் அதிகம் கிடையாது என்பதால் முதல் தடவை பாலம் வரை போய்த் திரும்பினால் போதும். இந்தத் தடத்தில் வேலை பார்த்தவர்களில் தமிழர்கள் நிறைய. குவீன்ஸ்டவுன் பக்கம் ரயில்வேத் தொழிலாளர்கள் கும்பிட்ட முனீஸ்வரர்தான் இன்றைக்குக் காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கேயும் போய் வாருங்கள்.

மலைக்கு வருவோம். உயரம் 163.63 மீட்டர், உச்சியில் ஒரு பாறையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். மருதமலைப் படி ஏறியவருக்கு இது மலையா என்று சிரிப்பு வரலாம், சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்த உச்சிகளில் இதற்கு மேல் இல்லை. காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். தார்ச்சாலையிலேயே உச்சி வரை போகலாம், ஒரு கிலோமீட்டர் சொச்சம், தொடக்கத்திலேயே மூச்சு வாங்கும் செங்குத்து. உங்கள் மகள் ஏறிவிடுவாள், உங்களுக்குத்தான் கஷ்டம். மேலே போனால் ஊரே தெரியும் என்று நினைத்து வராதீர்கள், சுற்றிலும் மரம், பக்கத்தில் தொலைத்தொடர்புக் கோபுரம், அவ்வளவுதான். இங்கே பார்க்க வேண்டியது காடு. 1854இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இந்த மலையடிவாரத்தில் தங்கி இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அப்போது புலிகளைப் பிடிக்க வெட்டிய குழிகள் காட்டுக்குள் இருந்தன, அதில் விழுந்துவிடுவோமோ என்பதுதான் அவருடைய பயம். இன்றைக்குப் புலி இல்லை. மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பறக்கும் லெமூர் உண்டு. பழகிய கண்ணுக்கு மட்டும் தெரியும், பழகக் கொஞ்ச நாளாகும்.

அம்மாவை உச்சிக்கு அழைத்துப் போக வேண்டாம் என்பது என் கருத்து. முட்டிவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கிறது என்பதைப் பலரைக் கூட்டிப் போனதில் பார்த்திருக்கிறேன். எவ்வளவு நடக்கலாம், கைத்தடி வேண்டுமா என்பதை ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும். ஆனால் அவர் வீட்டிலேயே இருக்கவும் வேண்டியதில்லை. மலை நுழைவுக்குப் பக்கத்திலேயே ஹிண்ட்ஹீட் பூங்கா இருக்கிறது. கருங்கல் உடைத்த பழைய குவாரி தண்ணீர் நிரம்பிக் குளமாகி, பின்னால் பாறைச் சுவர் உயர்ந்து நிற்கும். அதுவரை பாதை குட்டையானது. நீங்களும் மகளும் ஏறி இறங்குவதற்குள் அம்மாவும் உங்கள் மனைவியும் அங்கே போய்த் திரும்பிவிடலாம். பியூட்டி வேர்ல்ட் நிலையத்திலிருந்து அடிவாரம் வரையே கொஞ்சம் ஏற்றம், அம்மாவுக்கு அந்த இடத்துக்கு மட்டும் டாக்சி எடுங்கள். திரும்பும்போது பியூட்டி வேர்ல்ட் கட்டடத்து மேல்தளத்தில் உணவங்காடி இருக்கிறது.

குரங்கைப் பற்றிச் சொல்லாமல் மலைப் பேச்சை முடிக்க முடியாது. நான் முதல்முறை மலைக்குப் போனபோது கையில் பிளாஸ்டிக் பையில் ஆறு மசால்வடை. நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் பை என் கையில் இல்லை. பை என்றால் தின்பண்டம் என்று குரங்குகளுக்கு மனிதர்கள்தான் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் முதுகுப்பையில் போட்டு ஜிப்பை மூடுங்கள். பல்லைக் காட்டும் குரங்கைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, கண்ணுக்குக் கண் பார்க்கவும் கூடாது, மெதுவாக நகர்ந்துவிட வேண்டும். அனுமன் என்று அம்மா பழம் நீட்டினால் தடுத்துவிடுங்கள். காட்டு விலங்குக்குத் தீனி போடுவது இங்கே சட்டப்படி குற்றம், அபராதம் ஆயிரக்கணக்கான வெள்ளியில்.

மெக்ரிட்சி நீர்த்தேக்கத்து மரமுகட்டுப் பாலத்தை எல்லோரும் சொல்வார்கள். 250 மீட்டர் நீளத் தொங்குபாலம், 2004இல் கட்டியது, திங்கட்கிழமை மூடியிருக்கும். நல்ல இடம்தான். ஆனால் பாலத்துக்குப் போகவே காட்டுக்குள் நீண்ட நடை, பாலத்தில் ஒருவழிதான், இறங்கிய பின் படிகள். நீங்களும் மனைவியும் மட்டும் ஒரு நாள் போங்கள், மகள் இன்னும் இரண்டு வருடம் வளரட்டும்.

உறுதியாகச் சொல்ல முடியாதவை சில உண்டு. புகைமூட்டம் அவற்றில் முதலாவது. இந்தோனேசியாவில் காடும் கரிநிலமும் எரியும் ஆண்டுகளில் காற்று இந்தப் பக்கம் திரும்பினால் நடையெல்லாம் நின்றுவிடும். 2013 ஜூனில் காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டியது, 2015இல் வாரக்கணக்கில் நீடித்தது. சில ஆண்டுகளில் ஒன்றுமே இருக்காது. ஒப்பந்தம் போடும்போது யாராலும் இதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. டெங்கியும் அப்படித்தான், ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, அதனால் காலை நடைக்கும் கொசுமருந்து தடவிக்கொள்ளுங்கள். கொண்டோவின் இரைச்சல், வாடகை பற்றியெல்லாம் நான் பேசத் தகுதியானவன் இல்லை.

கடைசியாக அம்மாவின் தனிமை. ரேஸ்கோர்ஸில் நடந்தவருக்கு அங்கே நடை பாதிதான், மீதி பேச்சு. இங்கே காலை எட்டு மணிக்குப் பூமலையில் சீன முதியவர்கள் கூட்டமாகத் தாய்ச்சி உடற்பயிற்சி செய்வார்கள். தினமும் ஒரே நேரத்துக்குப் போனால் பத்தாவது நாள் 'மார்னிங்' என்பார்கள், மொழி தெரியாவிட்டாலும் கூப்பிட்டு வரிசையில் நிறுத்திக்கொள்வார்கள். என் அம்மா ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் எங்களோடு இருந்தபோது, முதல் வாரம் முழுக்க 'யாரும் பேச மாட்டேங்கிறாங்க' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் பூமலையில் புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தம்பியிடம் நேராகப் போய் 'எந்த ஊருப்பா?' என்று கேட்டார். அறந்தாங்கி. அன்றிலிருந்து காலையில் கிளம்பும்போது டப்பாவில் நாலு இட்லி கூடுதலாகப் போனது.